எச்எல்7 நோயாளி அடையாளப் புலங்களின் ஒருங்கிணைப்பு

எச்எல்7 நோயாளி அடையாளப் புலங்களின் ஒருங்கிணைப்பு என்பது, மருத்துவமனைக் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் எச்எல்7 இரண்டாம் பதிப்புச் சீர்தரத்தில், நோயாளியின் அடையாள எண்களைத் தாங்கிய பல தனித்தனிப் புலங்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டு, 'நோயாளி அடையாளப் பட்டியல்' என்னும் ஒரே புலத்துக்குள் கொண்டுவரப்பட்டதைக் குறிக்கும். 1999 இல் வெளியான 2.3.1 பதிப்பில் தொடங்கிய இம்மாற்றம், 2011 இல் வெளியான 2.7 பதிப்பில் ஏட்டளவில் நிறைவுற்றது. நடைமுறையில் பழைய புலங்களைப் பயன்படுத்தும் கணினிகள் அதன் பின்னரும் இயங்கி வருகின்றன.

இரத்தத்தில் சர்க்கரையின் அளவு எவ்வளவு என்பது தரவு. அந்த இரத்தம் யாருடையது, அவரை அந்த எண்ணால் அழைப்பவர் யார் என்பன அத்தரவைப் பற்றிய தரவு, அதாவது மீதரவு ஆகும். மீதரவு பிழையானால் சரியான ஆய்வு முடிவு தவறான நோயாளியின் கோப்பில் சேரும். அல்லது ஒரே நோயாளிக்கு இரு கோப்புகள் உருவாகி, ஒன்றில் பதிந்த மருந்து ஒவ்வாமை மற்றதைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே இவ்வொருங்கிணைப்பை வெறும் படிவச் சீரமைப்பாகக் கருதுவது பொருந்தாது.

பின்னணி

எச்எல்7 அமைப்பு 1987 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. கணினி வலையமைப்புகளுக்கான ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழாவது அடுக்கு பயன்பாட்டு அடுக்கு ஆகும். பெயரில் உள்ள 7 அதனைச் சுட்டுகிறது. நோயாளி சேர்க்கை, ஆய்வகம், மருந்தகம், கட்டணம் எனப் பிரிவுக்கு ஒரு மென்பொருளை வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய மருத்துவமனைகள், அவற்றை ஒன்றுடன் ஒன்று பேசவைக்க ஒவ்வொரு முறையும் தனி இணைப்பு எழுதவேண்டியிருந்தது. அச்சுமையைக் குறைப்பதே எச்எல்7 இன் முதல் நோக்கம்.

இரண்டாம் பதிப்பின் செய்தி எளிய எழுத்துக் கோவை ஆகும். செய்தி, துண்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு துண்டமும் ஒரு வரி. துண்டத்தின் முதல் மூன்று எழுத்துகள் அதன் பெயர். துண்டத்தினுள் புலங்களைக் குத்துக்கோடு பிரிக்கிறது. புலத்தினுள் கூறுகளைக் கூரைக்குறி பிரிக்கிறது. ஒரே புலம் பல முறை வருமானால் அவற்றை அலைக்குறி பிரிக்கிறது. நோயாளியைப் பற்றிய துண்டத்தின் பெயர் பிஐடி. உண்மைச் செய்திகளில் இக்குறிகள் உரோம எழுத்துகளில் வரும். இக்கட்டுரையில் அவை ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

இங்கு கவனிக்கவேண்டியது, புலங்களுக்குச் செய்திக்குள் பெயர் இல்லை என்பதாகும். ஒரு புலத்தின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. பிஐடி துண்டத்தில் ஐந்தாவது இடத்தில் இருப்பது நோயாளியின் பெயர், ஏழாவது இடத்தில் இருப்பது பிறந்த நாள், எட்டாவது பாலினம். கீழ்க்காணும் சிக்கல்கள் பலவும் இந்த இட முறையிலிருந்தே பிறந்தன.

மேற்பொருந்திய புலங்கள்

தொடக்கப் பதிப்புகளில் நோயாளியின் எண்ணுக்குப் பல இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பிஐடி-2 புற எண். அதாவது நோயாளி வேறு நிறுவனத்திலிருந்தோ வெளி மருத்துவரிடமிருந்தோ வந்தவராயின், அங்கு அவருக்கு வழங்கிய எண். பிஐடி-3 அக எண். நிறுவனம் தானே வழங்கியது. பிஐடி-4 மாற்று எண். இவை போக, பிஐடி-19 அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும், பிஐடி-20 ஓட்டுநர் உரிம எண்ணுக்கும் உரியவை.

இவற்றுள் மாற்று எண் புலமே மிகத் தளர்வாக வரையறுக்கப்பட்டிருந்தது. தற்காலிக எண், கூடுதல் எண், வருகை எண், வருகை நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியன அதில் இடம்பெறலாம் எனச் சீர்தர ஆவணமே கூறியது. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குத் தனிப் புலம் வேறு இருக்க, அதே எண்ணை மாற்று எண்ணாகவும் எழுதலாம் என்றால், பெறும் கணினி அதை எங்கே தேடும்? ஒரு மென்பொருள் ஓரிடத்திலும், மற்றொன்று வேறிடத்திலும் எழுதின. இரண்டுமே சீர்தரத்தைப் பின்பற்றியவைதாம்.

அகமும் புறமும்

மாற்று எண்ணின் குழப்பம் வெளிப்படையானது. அக எண், புற எண் என்னும் பகுப்பின் குழப்பமோ சற்று நுட்பமானது. பார்க்கும்போது இப்பகுப்பு தெளிவாகவே தோன்றும்.

ஒரு மருத்துவமனையும் அதற்கு வெளியே இயங்கும் ஓர் ஆய்வகமும் இருப்பதாகக் கொள்வோம். மேரி சுமித் என்ற நோயாளிக்கு மருத்துவமனை வழங்கிய எண் 88213. அவரது இரத்தத்தைப் பெற்ற ஆய்வகம் தன் பதிவேட்டில் அவருக்கு 10045 என்ற எண்ணை இடுகிறது. ஆய்வகம் அனுப்பும் முடிவுச் செய்தியில் பிஐடி துண்டம் பின்வருமாறு அமையும்.

பிஐடி|1|88213|10045||சுமித்^மேரி||19520314|எஃப்

ஆய்வகத்தின் நோக்கில் 10045 அக எண், 88213 புற எண். மருத்துவமனையின் நோக்கில் இது தலைகீழ். செய்தியைப் பெறும் மருத்துவமனைக் கணினி, 'அக எண் என்றால் நம் எண்' எனக் கொண்டு மூன்றாம் புலத்தை எடுத்துத் தன் பதிவேட்டில் தேடினால், 10045 என்ற எண்ணுடைய ஒருவர் அங்கும் இருக்கக்கூடும். ஆனால் அவர் மேரி சுமித் அல்லர். எண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து வரிசையாக வழங்கப்படுவதால் இத்தகைய மோதல் அரிய தற்செயல் அன்று. பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி இதைக் கண்டுபிடித்து நிறுத்தும். எண்ணை மட்டும் நம்பும் கணினி, முடிவை வேறொருவர் கோப்பில் சேர்த்துவிடும்.

இரு தரப்பினரும் கூடிப் பேசி, 'இச்செய்தியில் அகம் என்பது அனுப்புநரின் அகம்' என உடன்படிக்கை செய்துகொண்டால் சிக்கல் தீரும். நடந்ததும் அதுவே. ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி உடன்படிக்கை தேவைப்பட்டதால், சீர்தரம் தவிர்க்க முயன்ற வேலையே மீண்டும் தலைதூக்கியது. மூன்றாவதாக ஒரு மருத்துவமனை இணையும்போது அக, புற எனும் இருமைப் பகுப்பே போதாமல் போகிறது. அகமும் புறமும் எண்ணின் பண்புகள் அல்ல. பார்ப்பவர் நிற்கும் இடத்தின் பண்புகள். பார்ப்பவரைப் பொறுத்து மாறும் ஒன்றை, பலருக்கிடையே பயணிக்கும் செய்தியில் நிலையான இடமாக வகுத்ததே அடிப்படைப் பிழை எனலாம்.

ஓர் எண் போதாதது ஏன்?

நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒரே நல எண் இருந்தால் இத்தனை புலங்கள் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்துவமான நல அடையாளம் ஒன்றை வகுக்கப் பணித்தது. தனியுரிமை குறித்த அச்சத்தால் 1998 இல் அந்நாட்டுப் பேரவை, அத்தகைய எண்ணுக்கான சீர்தரத்தை ஏற்பதற்கு நடுவண் நிதியைச் செலவிடத் தடை விதித்தது. அத்தடை தொடர்ந்து வந்த நிதிச் சட்டங்களிலும் பல்லாண்டுகளாக இடம்பெற்று வந்துள்ளது.

சமூகப் பாதுகாப்பு எண் அவ்விடத்தை நிரப்பவில்லை. 1936 முதல் வழங்கப்பட்டுவரும் இந்த 9 இலக்க எண், ஊழியர்களின் வருமானத்தைக் கணக்கில் கொள்வதற்காக உருவானது. அதில் சரிபார்ப்பு இலக்கம் இல்லை. ஓர் இலக்கம் தவறினாலும் எண்ணைக் கொண்டு மட்டும் தவறை உணர முடியாது. பிறந்து சில மணி நேரமேயான குழந்தைக்கு அது இராது. அயல்நாட்டவர் பலருக்கும் இராது. எனவே ஒரு நோயாளி பல எண்களுடன் உலவுவதே அங்கு இயல்பு நிலை. சீர்தரம் செய்யக்கூடியது, எண்களைக் குறைப்பதன்று; ஒவ்வோர் எண்ணும் எதைச் சேர்ந்தது என்பதை ஐயமின்றிச் சொல்ல வழிசெய்வதே.

ஒருங்கிணைந்த வடிவம்

1997 இல் வெளியான 2.3 பதிப்பு, சிஎக்ஸ் எனும் தரவு வகையைக் கொண்டுவந்தது. இதன் முதற் கூறு எண். இரண்டாவது சரிபார்ப்பு இலக்கம். மூன்றாவது அவ்விலக்கத்தைக் கணித்த முறை. நான்காவது எண்ணை வழங்கிய அமைப்பு. ஐந்தாவது எண்ணின் வகைக்குறி. ஆறாவது வழங்கிய இடம். எண் செல்லுபடியாகும் காலத்தைக் குறிக்கும் கூறுகள் பின்னர் சேர்ந்தன.

இத்தரவு வகை கிடைத்த பின், தனித்தனி இடங்களின் தேவை பெரிதும் குறைந்தது. 2.3.1 பதிப்பில் மூன்றாம் புலத்தின் பெயர் 'நோயாளி அடையாளப் பட்டியல்' என மாறியது. இரண்டாம், நான்காம், பத்தொன்பதாம் புலங்கள் பழைய கணினிகளுடன் ஒத்தியங்குவதற்காக மட்டும் வைத்திருக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டன. ஓட்டுநர் உரிம எண்ணுக்கான இருபதாம் புலம் 2003 இன் 2.5 பதிப்பில் அதே நிலைக்கு வந்தது. 2.7 பதிப்பு இந்நான்கின் விளக்கங்களையும் நீக்கியது. மேலே கண்ட செய்தி புதிய வடிவில் பின்வருமாறு அமையும்.

பிஐடி|1||10045^^^ஆய்வகம்^பிஐ~88213^^^மருத்துவமனை^எம்ஆர்||சுமித்^மேரி||19520314|எஃப்

இரண்டு எண்களும் ஒரே புலத்தில் அலைக்குறியால் பிரிக்கப்பட்டு நிற்கின்றன. மருத்துவமனைக் கணினி இப்போது இடத்தைப் பார்ப்பதில்லை. 'மருத்துவமனை' வழங்கியதாகக் குறிக்கப்பட்ட எண் எது என்று தேடி 88213 ஐ எடுத்துக்கொள்கிறது. வகைக்குறிகள் 0203 என்ற எண்ணுடைய அட்டவணையில் தொகுக்கப்பட்டுள்ளன. எம்ஆர் மருத்துவப் பதிவேட்டு எண். எஸ்எஸ் சமூகப் பாதுகாப்பு எண். டிஎல் ஓட்டுநர் உரிமம். பிபிஎன் கடவுச்சீட்டு எண். அக எண்ணுக்குப் பிஐ என்றும், புற எண்ணுக்குப் பிடி என்றும் குறிகள் அதே அட்டவணையில் உள்ளன. பழைய பகுப்பு ஒழியவில்லை, இடத்திலிருந்து குறிக்கு மாறியிருக்கிறது. எனினும் வழங்கிய அமைப்பின் பெயர் உடனிருப்பதால் அதனால் முன்போல் தீங்கு விளைவதில்லை.

நீக்கப்பட்ட புலங்களின் இடங்கள் அகற்றப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் இடத்தை எடுத்துவிட்டால் பெயர் நான்காம் இடத்துக்கு நகர்ந்துவிடும். உலகிலுள்ள பழைய கணினிகள் அனைத்தும் பிறந்த நாள் இருக்கவேண்டிய இடத்தில் பாலினத்தைக் காணும். ஆதலால் காலி இடங்கள் அப்படியே நிற்கின்றன. புதுச் செய்திகளில் அடுத்தடுத்து வரும் குத்துக்கோடுகள் பல, ஒருகாலத்தில் அங்கு ஏதோ இருந்ததன் தடயங்களே.

ஒருங்கிணைக்கப்படாதவை

எண் என்பதற்காக எல்லாமே பட்டியலுக்குள் சேர்க்கப்படவில்லை. பிஐடி-18 நோயாளியின் கணக்கு எண். கட்டணங்களும் பணம் செலுத்தியவையும் பதியும் கணக்கை அது சுட்டுகிறதே அன்றி ஆளைச் சுட்டவில்லை. ஒருவருக்குப் பல கணக்குகள் இருக்கலாம். பிஐடி-21 தாயின் அடையாள எண். புதிதாய்ப் பிறந்த குழந்தையை அதன் தாயுடன் இணைக்க அது பயன்படுகிறது. அதைக் குழந்தையின் பட்டியலில் சேர்த்திருந்தால், தாயும் சேயும் ஒரே ஆளாகக் கொள்ளப்படும் இடர் உண்டாகியிருக்கும். வடிவத்தில் ஒத்தவையாயினும் இவை பொருளில் வேறு. எவை உண்மையில் மேற்பொருந்துகின்றன, எவை தோற்றத்தில் மட்டும் ஒத்திருக்கின்றன என்று பிரித்தறிந்த இடத்தில் சீர்தரக் குழுவினர் தெளிவாகவே நடந்துகொண்டனர்.

பிஐடி துண்டத்தின் வேறு சில புலங்களும் இதே வழியில் சுருங்கின. மாற்றுப் பெயருக்கான பிஐடி-9, பெயர் வகைக்குறியுடன் பிஐடி-5 இல் அடங்கியது. மாவட்டக் குறிக்கான பிஐடி-12, முகவரியின் ஒரு கூறாக பிஐடி-11 க்குள் சென்றது.

இணைப்புச் செய்திகள்

ஒரே நோயாளிக்குத் தவறுதலாக இரு கோப்புகள் உருவாகிவிட்டால், அவற்றை ஒன்றாக்கும் செய்தி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படும். அதில் நிலைக்கும் எண் பிஐடி துண்டத்திலும், மறையும் எண் எம்ஆர்ஜி என்னும் துண்டத்திலும் வரும். எம்ஆர்ஜி துண்டத்திலும் முந்தைய எண், முந்தைய மாற்று எண், முந்தைய புற எண் என மூன்று இடங்கள் இருந்தன. இவையும் முதலாவதன் கீழ் ஒருங்கிணைக்கப்பட்டன. பழைய இணைப்பு நிகழ்வுகள் சில கைவிடப்பட்டு, அடையாளப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட ஏ40 நிகழ்வு பரிந்துரைக்கப்பட்டது.

இங்குப் பிழையின் விலை மிகவும் கூடுதல். தவறான கோப்பில் சேர்ந்த ஓர் ஆய்வு முடிவைத் தேடி நீக்கிவிடலாம். இருவரின் கோப்புகள் கலந்துவிட்டால், பல ஆண்டுக் குறிப்புகளுள் எது யாருடையது என ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். மறையும் எண்ணை எந்த அமைப்பு வழங்கியது என்று குறிக்காத இணைப்புச் செய்தி, மற்றொரு மருத்துவமனையின் அதே எண்ணுடைய கோப்பைக் கலக்கச் செய்யும் ஆற்றல் உடையது.

நடைமுறைச் சிக்கல்கள்

ஒருங்கிணைப்பு ஒரு சுமையை நீக்கி வேறொன்றை ஏற்றியது. முன்னர் எண்ணைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும். இப்போது வழங்கிய அமைப்பையும் வகையையும் அனுப்புநர் நிரப்பவேண்டும். பழைய பதிப்புகளில் இவை இரண்டும் விருப்பக் கூறுகளாகவே இருந்தன. பல மென்பொருள்கள் வெறும் எண்ணை மட்டும் அனுப்பின. இரண்டு மூன்று வெற்று எண்கள் அலைக்குறியால் பிரிந்து வந்தால், எது எதுவென்று அறிய வழியில்லை. முன்பிருந்த குறையுள்ள அடையாளமாகிய இடமும் இப்போது இல்லை. அந்நிலையில் புதிய வடிவம் பழையதைவிட மோசமானது என்றே சொல்லவேண்டும்.

பெறும் தரப்பில் மிகப் பரவலான குறை, பட்டியலின் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுவதாகும். பட்டியலில் வரிசைக்குப் பொருள் இல்லை என்பதை அத்தகைய கணினி மறந்துவிடுகிறது. அனுப்புநர் ஒருநாள் வரிசையை மாற்றினால், அது பிழையன்று எனினும் இணைப்பு முறியும்.

அமைப்பின் பெயர் எழுதப்படும் விதமும் சிக்கலுக்குரியது. ஒரே மருத்துவமனையின் பெயரை ஒருவர் சுருக்கமாகவும் மற்றவர் முழுதாகவும் எழுதினால் கணினிக்கு அவை வெவ்வேறு அமைப்புகளே. இதனால் நான்காம் கூறில் பெயருடன், உலகளவில் தனித்துவமான பொருள் அடையாள எண்ணையும் தரும் வசதி உள்ளது. ஐஎச்இ அமைப்பு வகுத்த பிக்சு எனும் அடையாள ஒப்பீட்டு முறை, வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை ஒரே ஆளுடன் பொருத்துவதற்கு மூன்றாம் புலத்தையும், அதிலுள்ள வழங்கும் அமைப்பையுமே சார்ந்துள்ளது.

தனியுரிமை குறித்த ஓர் இழப்பும் உண்டு. சமூகப் பாதுகாப்பு எண் பத்தொன்பதாம் புலத்தில் தனியே இருந்தவரை, வெளியே செல்லும் செய்தியில் அப்புலத்தை வெறுமையாக்குவது எளிது. பட்டியலுக்குள் அது பலவற்றுள் ஒன்று. வகைக்குறியைப் படித்துப் பொறுக்கி நீக்கவேண்டும். வகைக்குறி விடுபட்டிருந்தால் 9 இலக்க எண் ஒன்று கவனிக்கப்படாமல் கடந்து செல்லும். ஒருங்கிணைப்பை ஆதரிப்போர் இதற்குத் தரும் மறுமொழி, குறியிடாத எண்ணை வெளியே அனுப்பவே கூடாது என்பதாகும். அது சரியான மறுமொழியே. ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பு சீர்தரத்திடமிருந்து ஒவ்வொரு மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தோள்களுக்கு மாறியுள்ளது.

பின்வந்த சீர்தரங்களில்

எச்எல்7 அமைப்பின் புதிய சீர்தரமான ஃபயர், 2011 இல் கிரேம் கிரீவ் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது. அதில் புலங்களுக்குப் பெயர் உண்டு. இடத்தை எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை. நோயாளிக்கான பதிவில் அடையாளம் என்பது தொடக்கம் முதலே ஒரே புலம். எத்தனை முறையும் வரலாம். ஒவ்வொன்றும் வகை, வழங்கிய முறைமையின் முகவரி, மதிப்பு, காலம், வழங்கியவர் ஆகியவற்றைத் தாங்கும். இது சிஎக்ஸ் தரவு வகையின் வழித்தோன்றல் என்பது வெளிப்படை. இந்தியாவில் 2021 இல் தொடங்கப்பட்ட ஆயுசுமான் பாரத் எண்ணிம இயக்கம் ஃபயர் சீர்தரத்தைப் பின்பற்றுகிறது. அதன் 14 இலக்க ஆபா எண், மருத்துவமனைப் பதிவேட்டு எண் போன்ற பிறவற்றுடன் இவ்வாறான பட்டியலில் ஓர் உறுப்பாக வருகிறது.

எனினும் ஃபயரிலும் மேற்பொருந்தல் புகுந்தது. மருத்துவ ஆவணங்களைச் சுட்டும் பதிவில் 'முதன்மை அடையாளம்' என ஒன்றும், 'அடையாளம்' எனப் பல முறை வரக்கூடிய மற்றொன்றும் இருந்தன. ஆவணத்துக்குரிய எண்ணையும், அந்த ஆவணத்தைப் பற்றிய பதிவுக்குரிய எண்ணையும் வேறுபடுத்திய பழைய ஆவணப் பகிர்வு முறையிலிருந்து இவ்விரண்டும் வந்தன. 2018 இன் நான்காம் வெளியீட்டில் இரண்டும் இருந்தன. 2023 இல் வெளியான ஐந்தாம் வெளியீடு முதன்மை அடையாளத்தை நீக்கி, அதைப் பொதுவான அடையாளப் பட்டியலுக்குள் சேர்த்தது.